வீட்டில் பீர் தயாரிக்கலாமா? புதுச்சேரி வெயிலுக்கு எந்த ட்ரை ஈஸ்ட்? ஆர்.ஓ. தண்ணீர் ஏன் ஆகாது? முழு விளக்கம்

மே மாசம். புதுச்சேரியில் ராத்திரி பத்து மணிக்குக் கரைத்து வைத்த தோசை மாவு, விடியறதுக்குள்ள பாத்திரத்தை விட்டு வழிந்து மேடையில் நிற்கும். வாயில் வைத்தால் அப்படியொரு புளிப்பு. அதே மாவு மார்கழியில் காலை எட்டு மணியானாலும் எழும்பாமல் படுத்துக் கிடக்கும். மாவு ஒன்றுதான், கரைத்த கையும் ஒன்றுதான். மாறியது வெப்பநிலை மட்டும்.

பீருக்கும் இதே கதைதான். புதுச்சேரியில் கேட்டமரான் ப்ரூயிங் கம்பெனி போன்ற மைக்ரோ ப்ரூவரிகள், அதாவது அங்கேயே காய்ச்சி அங்கேயே பரிமாறும் சிறு பீர் ஆலைகள் வந்துவிட்டன. இன்னொரு பக்கம், யூடியூபைத் திறந்தால் 'வீட்டிலேயே பீர்' வீடியோக்கள். ஆன்லைனில் தேடினால் 11 கிராம் பாக்கெட்டில் ட்ரை ஈஸ்ட். 'சரக்கு தாராளமா கிடைக்கிற ஊர்தானே, வீட்ல ஒரு வாளி போட்டா என்ன?' என்ற எண்ணம் சிலருக்கு வருவது இயல்பு.

அதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது புதுச்சேரியிலும் குற்றம்தான். அதன் விவரம் கீழே வருகிறது. ஆனால் அந்தச் சின்ன பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது, அதை ஆலைக்காரர்கள் எப்படித் தேர்வு செய்கிறார்கள், எப்படித் தயார் செய்கிறார்கள் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். வீட்டில் பன் சுடுபவர்களுக்கும் இதில் பாதி அப்படியே உதவும்.

கள்ளுக்கு வேண்டாம், பீருக்கு மட்டும் ஏன் ஈஸ்ட்?

ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பூஞ்சை. சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் வெளியே விடும். நொதித்தல் என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதைத்தான்.

கள் இறக்குபவர் யாரும் கடையில் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. பாளையிலும் பானையிலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட்டே பதநீரைக் கள்ளாக மாற்றிவிடும். அது நடக்கக் கூடாது என்றுதான் பதநீர்ப் பானைக்குள் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட் தலைதூக்க முடியாது. அப்படியே இனிப்பாக இருந்தால் பதநீர், பொங்கினால் கள்.

பீர் அப்படியில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, சுடுதண்ணீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுக்கிறார்கள். அதற்குப் பெயர் வோர்ட். கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டு, சுமார் ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். கொதியில் எல்லாக் கிருமியும் சாகும், ஈஸ்ட்டும் சேர்ந்துதான் சாகும். எனவே ஆறிய வோர்ட்டில் ஈஸ்ட்டை நாமாகத்தான் போட வேண்டும். எதைப் போடுகிறோமோ அதுதான் பீரின் மணத்தையும் ருசியையும் பெரும்பாலும் தீர்மானிக்கும்.

பிரான்ஸுக்கும் ஈஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

1870-71 போரில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றது. பீரிலாவது ஜெர்மனியை ஜெயிக்க வேண்டும் என்று நினைத்த விஞ்ஞானி லூயி பாஸ்டர், பீர் ஏன் கெட்டுப்போகிறது என்று ஆராய்ந்து 1876இல் புத்தகமே எழுதினார். புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பீரைப் புளிக்கவும் நாறவும் வைப்பது வெளியிலிருந்து நுழையும் கிருமிகள் என்பதை அவர் காட்டினார்.

அடுத்த படியை எடுத்தவர் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன். 1883இல் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லைப் பிரித்தெடுத்து, அதிலிருந்தே முழுக் கூட்டத்தையும் வளர்த்தார். இன்று ஒவ்வொரு பாக்கெட்டிலும் 'இது இந்த ரகம்' என்று உறுதியாக எழுத முடிவது அதனால்தான். லாகர் பீரின் ஈஸ்ட்டுக்கு பாஸ்டர் பெயரிலேயே சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ் என்று பெயர்.

இன்று பீர் ஈஸ்ட்டில் பேர்போன ஃபெர்மென்டிஸ், 1853இல் தொடங்கிய லெசாஃப்ர் என்ற பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்தது. லாலிமாண்ட் என்ற இன்னொரு பெரிய நிறுவனம் கனடாவுடையது.

ட்ரை ஈஸ்ட் உயிரோடுதான் இருக்கிறதா?

ஆமாம். அது தூங்குகிறது. ஈஸ்ட்டை வளர்த்து, பிழிந்து, மிதமான சூட்டுக் காற்றில் உலர்த்துகிறார்கள். ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போனதும் அதன் இயக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். நல்ல பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு 500 கோடிக்குக் குறையாத உயிருள்ள செல்கள் இருக்கும். 11 கிராம் என்றால் 5,500 கோடி. ஒரு சின்ன பாக்கெட்டுக்குள் உலக மக்கள்தொகையைப் போல ஆறு மடங்குக்கும் மேல்!

பேக்கரி ஈஸ்ட்டையே போட்டால் என்ன?

வீடியோக்களில் அதிகம் காட்டப்படுவது இதுதான். பன், பகெட் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டும், ஏல் வகை பீருக்குப் போடும் ஈஸ்ட்டும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஒரே இனம்தான். ஆனால் பொன்னியும் பாஸ்மதியும் நெல் என்பதால் இரண்டிலும் ஒரே பிரியாணி வந்துவிடுமா?

பேக்கரி ரகத்தைத் தேர்ந்தெடுத்தது, மாவுக்குள் வேகமாக வாயுவை நிரப்ப. நாற்பது நிமிஷத்தில் மாவு உப்பினால் அதன் வேலை முடிந்தது. பீர் ரகத்தின் வேலை ஒரு வாரம், இரண்டு வாரம் நீளும். ஆல்கஹால் ஏற ஏறத் தாக்குப்பிடிக்க வேண்டும், வேண்டாத வாசனையை விடக் கூடாது, வேலை முடிந்ததும் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படிய வேண்டும். பேக்கரி ஈஸ்ட் போட்டாலும் பொங்கும், போதையும் வரும். ஆனால் பெரும்பாலும் கலங்கலாகவே நிற்கும், ரொட்டி வாசம் அடிக்கும்.

புதுச்சேரி வெயிலுக்கு எந்த ஈஸ்ட்?

குளிர் நாட்டில் எழுதப்பட்ட பட்டியலைப் பார்த்து வாங்கினால் இங்கேதான் சறுக்கும். 'அறை வெப்பநிலையில் வையுங்கள்' என்று அவர்கள் எழுதினால், அது 20 டிகிரி அறை. புதுச்சேரியில் மே மாதப் பகல் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். போதாததற்கு ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூட்டைக் கிளப்பும். பாத்திரத்தின் உள்ளே அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும்.

சூடு ஏறினால் என்ன ஆகும்? தோசை மாவைப் போல வேகமாகப் பொங்கும். ஆனால் ஈஸ்ட் பதறி வேலை செய்யும்போது கடுமையான வேறு வகை ஆல்கஹால்களும், நெயில் பாலிஷ் ரிமூவர் போன்ற வாசனையும் சேரும். ஒருமுறை வந்துவிட்டால் அதைப் போக்க வழியில்லை.

எனவே முதல் கேள்வி 'எந்த ருசி?' என்பதல்ல. 'என் பாத்திரம் எத்தனை டிகிரியில் நிற்கும்?' என்பதுதான். பொதுவாகக் கிடைக்கும் ட்ரை ஈஸ்ட் வகைகள் இவை:

* லாகர் வகை: உதாரணம் சாஃப்லாகர் டபிள்யூ-34/70. சுமார் 12 முதல் 18 டிகிரி வேண்டும். குளிர்விக்கும் கருவி உள்ள ஆலைகளுக்கு மட்டுமே சாத்தியம்.

* ஏல் வகை: சாஃப்ஏல் யு.எஸ்.-05, எஸ்-04 போன்றவை. 20 டிகிரிக்கு முன்னும் பின்னும் நன்றாக வேலை செய்யும். இதற்கும் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட குளிர் தேவை. 24 டிகிரி ஏ.சி. அறையில் வைத்தாலும் பாத்திரத்தின் உள்ளே அதைவிடக் கூடும்.

* சேசோன் வகை: உதாரணம் பெல் சேசோன். பிரான்ஸ்-பெல்ஜியம் எல்லைப் பண்ணைகளின் பீர். 35 டிகிரி வரை தாங்கும். மிளகு போன்ற காரமான மணம் வரும்.

* க்வைக் வகை: உதாரணம் லால்ப்ரூ வாஸ். நார்வே கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த ஈஸ்ட். மர வளையங்களில் தோய்த்து, காயவைத்து, தொங்கவிட்டு அடுத்த முறைக்கு எடுத்துவைப்பார்களாம், நம் வீட்டில் உறைமோர் எடுத்துவைப்பதைப் போல. 35 முதல் 40 டிகிரி இதற்குப் பிடித்த சூடு. ஆரஞ்சுப் பழ மணம் வரும்.

பனிநாட்டில் வளர்ந்த ஈஸ்ட்தான் புதுச்சேரி வெயிலுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்பது கொஞ்சம் ஆச்சரியம்தான். நார்வே விவசாயிகள் வோர்ட் முழுசாக ஆறும்வரை காத்திருக்காமல், வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஈஸ்ட்டைப் போட்டுப் பழகியதால், சூடு தாங்கும் ரகமே அங்கே நிலைத்தது.

பாத்திரத்தைச் சுற்றி ஈரத்துணி கட்டினால் போதும் என்று சில வீடியோக்கள் சொல்கின்றன. காய்ந்த காற்று அடிக்கும் ஊரில் அது பலிக்கும். கடலோரப் புழுக்கத்தில் துணி எளிதில் காயாது. துணி காய்ந்தால்தானே பாத்திரம் குளிரும்?

எவ்வளவு போட வேண்டும்?

ஏல் வகைக்கு 100 லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் என்பது பொதுவான கணக்கு. அதாவது 20 லிட்டருக்கு 10 முதல் 16 கிராம். 11.5 கிராம் பாக்கெட் ஒன்று போதும். லாகருக்குக் குளிரில் ஈஸ்ட் மெதுவாக நகர்வதால் 100 லிட்டருக்கு 80 முதல் 120 கிராம் வரை. 20 லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டு பாக்கெட். குறைத்துப் போட்டால் இருக்கும் செல்கள் திணறும். அந்த இடைவெளியில் வேறு கிருமி முந்திக்கொள்ளும்.

தூங்கும் ஈஸ்ட்டை எழுப்புவது எப்படி?

1. ஈஸ்ட்டைப் போல பத்து மடங்கு தண்ணீர் எடுக்க வேண்டும். 11.5 கிராமுக்கு 115 மில்லி, அதாவது அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூட.

2. தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி, 25 முதல் 35 டிகிரிக்கு ஆறவிட வேண்டும். கொதிக்கவிட்டால் கிருமியும் சாகும், குளோரினும் போகும். பாக்கெட்டில் வேறு வெப்பநிலை போட்டிருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும்.

3. பாக்கெட்டின் வெளிப்பக்கத்தையும் கத்தரிக்கோலையும் சானிடைசரால் துடைத்துவிட்டு வெட்ட வேண்டும்.

4. தண்ணீரின் மேல் பரவலாகத் தூவ வேண்டும். கலக்கக் கூடாது. 15 நிமிஷம் அப்படியே விட வேண்டும்.

5. பிறகு மெதுவாகக் கலக்கி, இன்னும் 5 நிமிஷம் வைக்க வேண்டும். பாலாடை போலக் குழைவாக வரும்.

6. ஈஸ்ட் தண்ணீருக்கும் வோர்ட்டுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வோர்ட்டைச் சேர்த்து ஈஸ்ட் கலவையைப் பழக்க வேண்டும். அதன்பின் தாமதிக்காமல் ஊற்றிவிட வேண்டும்.

இதில் அதிகம் தவறுவது வெப்பநிலையில். கைவிட்டுப் பார்த்துச் சொல்வது சரிப்படாது. மே மாத மதியத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே கை சுடும். 45 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட்டுக்கு ஆபத்து, 55-60 டிகிரியில் செத்தே போகும். ஃப்ரிட்ஜ் தண்ணீரும் ஆகாது. காய்ந்த செல் சில்லென்ற தண்ணீரில் விழுந்தால் உள்ளே இருப்பதை வெளியே கொட்டிவிடும். ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் இந்தச் சந்தேகமே வேண்டாம்.

ஆர்.ஓ. தண்ணீர் ஏன் ஆகாது?

புதுச்சேரியில் பல வீடுகளில் குடிப்பது ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீர்தான். 'சுத்தமான தண்ணீர்தானே, இதைவிட வேறென்ன?' என்று தோன்றும். ஈஸ்ட்டுக்கு அது பிரச்சினை.

உலர்ந்த செல்லின் சவ்வு காய்ந்த கருவேப்பிலை மாதிரி சுருங்கி இருக்கும். தண்ணீர் பட்டதும் விரியும். விரிந்து முடிக்கும் முதல் சில நிமிஷங்களில், எதை உள்ளே விடுவது, எதை வெளியே விடாமல் பிடிப்பது என்ற கட்டுப்பாடு அதற்கு இருக்காது. கதவு திறந்தே கிடக்கும் நேரம் அது. தாது உப்புகள் நீக்கப்பட்ட ஆர்.ஓ. தண்ணீரிலும் காய்ச்சி வடித்த தண்ணீரிலும் போட்டால், செல்லுக்குள் இருக்கும் உப்புகள் வெளியே ஓடிவிடும். கொஞ்சம் தாது உப்பு உள்ள சாதாரணக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றுவதே மேல்.

இதே காரணத்தால்தான் ஈஸ்ட்டை எழுப்பும் தண்ணீரில் சர்க்கரையோ வோர்ட்டோ கலக்க வேண்டாம் என்கிறார்கள். கதவு திறந்திருக்கும்போது சர்க்கரைப் பாகு உள்ளே நுழைந்தால் பல செல்கள் எழுவதற்கு முன்பே வீணாகும்.

நேரடியாகத் தூவலாமா?

தூவலாம். இப்போது வரும் பல ட்ரை ஈஸ்ட்களை வோர்ட்டின் மேல் நேராகவே தூவலாம் என்று நிறுவனங்களே பாக்கெட்டில் அச்சடிக்கின்றன. சாதாரண பீருக்கு அது போதும். சர்க்கரை அதிகமுள்ள, ஆல்கஹால் கூடுதலான, அல்லது புளிப்பான பீராக இருந்தால் தண்ணீரில் எழுப்பிப் போடுவது பாதுகாப்பு.

வாங்கும்போது என்ன கவனிக்கணும்?

காலாவதித் தேதி முதல் விஷயம். இரண்டாவது, பாக்கெட் இறுக்கமாக இருக்கிறதா என்பது. வெற்றிடத்தில் அடைத்த பாக்கெட் கல் மாதிரி இருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது, எந்த மாதத்தில் வாங்குகிறோம் என்பது. கோடையில் கூரியர் வண்டியில் நாள்கணக்கில் வெந்து வரும் பாக்கெட்டில் தேதி சரியாக இருந்தாலும் உயிர் குறைந்திருக்கலாம். வந்ததும் 10 டிகிரிக்குக் கீழே, அதாவது ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாமல் மூடி, ஃப்ரிட்ஜில் வைத்து, சில நாளில் தீர்த்துவிட வேண்டும்.

சரி, வீட்டில் காய்ச்சலாமா?

மது தொடர்பான சட்டம் இயற்றும் அதிகாரம் அரசியல் சாசனப்படி மாநிலங்களின் பட்டியலில் இருக்கிறது. சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசமான புதுச்சேரியில் இருப்பது 1970ஆம் ஆண்டின் கலால் சட்டம். அதன்படி மது தயாரிக்க உரிமம் கட்டாயம். மைக்ரோ ப்ரூவரிகள் அந்த உரிமத்தோடுதான் இயங்குகின்றன. 'விக்கலையே, நானே குடிக்கத்தானே' என்ற பதில், உரிமம் இல்லாத தயாரிப்பைச் சட்டப்படி சரியாக்கிவிடாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது விழுப்புரம் மாவட்டம். அங்கே 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம். புதுச்சேரியில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருக்கிறது, தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்கே தடை. ஒரே தெருவில் நடந்துபோனால் சட்டம் மாறிவிடும் ஊர் இது.

வீடியோக்களில் பார்ப்பது வேறு நாட்டுச் சட்டம். பிரிட்டனில் 1963 முதல் வீட்டு பீருக்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1979 முதல் மத்திய அரசின் சட்டம் அளவோடு அனுமதிக்கிறது. அங்கே அது பொழுதுபோக்கு. இங்கே வழக்கு.

மெத்தனால் வருமா?

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச் சாராயம் 20க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எனவே இந்தப் பகுதியில் யாருக்கும் முதலில் வரும் பயம் இதுதான்.

அந்தச் சாவுகளுக்குக் காரணம் ஈஸ்ட் அல்ல. ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்ற ரசாயனம் கலந்ததே காரணம். மால்ட்டை நொதிக்க வைக்கும் ஈஸ்ட், உயிரைக் கொல்லும் அளவுக்கு மெத்தனாலை உண்டாக்குவதில்லை.

அதற்காக வீட்டு பீரில் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. நொதித்தல் முடியும் முன் பாட்டிலில் அடைத்தால் உள்ளே வாயு சேர்ந்துகொண்டே போகும். கண்ணாடி பாட்டில் வெடிக்கும். மேலே சொன்ன பெல் சேசோன் போன்ற சில ரகங்கள், மற்ற ஈஸ்ட்கள் தொடாத மாச்சர்க்கரையையும் விடாமல் தின்னும். முடிந்தது என்று நினைத்தபிறகும் அவை வேலை செய்துகொண்டிருக்கும். சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று கருவி வைத்து அளக்காமல் ஆலையில் யாரும் பாட்டிலை மூடுவதில்லை.

அப்போ, இந்தத் தகவல் வீட்டில் எதற்கு?

ரொட்டிக்கு. ஆப்ப மாவுக்கும் ரொட்டி மாவுக்கும் ஒருகாலத்தில் கள் ஊற்றி உப்பவைத்த வழக்கம் தென்னிந்தியாவில் உண்டு. அதில் வேலை செய்ததும் ஈஸ்ட்தான். பேக்கரி ட்ரை ஈஸ்ட் வாங்கி வீட்டில் பன் சுட்டு, கல்லு மாதிரி வந்தது என்று வருத்தப்படுபவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். 35 டிகிரி வெதுவெதுப்பான, ஆர்.ஓ. அல்லாத தண்ணீரில் ஈஸ்ட்டைத் தூவி, பத்து நிமிஷம் விட வேண்டும். ரொட்டி ஈஸ்ட்டுக்கு ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்தால் பரவாயில்லை, உயிர் இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். நுரைத்து மேலே வந்தால் மாவில் ஊற்றலாம். வராவிட்டால் அந்த பாக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான், அரைக் கிலோ மைதாவாவது மிஞ்சும்.

மே மாதத்தில் அந்த மாவை ஒரு மணி நேரம் வைக்கச் சொல்லியிருந்தால், அரை மணியிலேயே ஒருமுறை எட்டிப் பாருங்கள். தோசை மாவு சொல்லிக் கொடுத்த பாடம்தான்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)